வெட்டாமல் கட்டிய கஃபே ரேசர்: ஒரு 1986 புல்லட் 350-இன் கதை

பின்னணி

கோவையில் எங்கள் பட்டறைக்கு 2022-இல் வந்த வண்டி இது. 1986-இல் பதிவான புல்லட் 350, வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உரிமையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகியிருந்தார். வண்டியைக் கொண்டு வந்தவர் அவருடைய மகன். வயது நாற்பதை நெருங்கியவர், தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றே பழசாகியிருந்தது.

அதை கஃபே ரேசராக மாற்ற வேண்டும் என்பது மகனின் ஆசை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் இறுக்கிய தாழ்வான கைப்பிடிகள், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், முதுகில் திமில் வைத்த ஒற்றை சீட், மெலிந்த நீளமான டேங்க் என்று கைபேசியில் பத்து இருபது படங்கள் சேர்த்து வைத்திருந்தார். வேறொரு பட்டறையில் ஏற்கெனவே விலை கேட்டிருந்தார். சேசிஸின் பின்பகுதியை வெட்டி, வளைத்த பைப் வைத்து வெல்டு செய்து தருவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவருடைய அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. "அப்பா வண்டிங்கண்ணா, வெட்ட வேண்டாம்னு அம்மா ஒரே பிடியா நிக்கிறாங்க. ஆனா எனக்கு இது வேணும்" என்றார். அம்மாவின் மறுப்பு பாசத்தால் வந்தது. ஆனால் பட்டறைக் கண்ணோடு பார்த்தாலும் அவர் சொன்னதுதான் சரி. ஏன் என்பது கீழே வரும்.

கஃபே ரேசர் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் தெரிந்தால், பின்னால் எடுத்த முடிவுகள் புரியும். லண்டனின் வடக்கு சர்குலர் சாலையில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில், 1950-களிலும் 60-களிலும் இளைஞர்கள் தங்கள் வண்டிகளில் தேவையில்லாததைக் கழற்றி, குனிந்து ஓட்டும்படி மாற்றினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டரைத் தொடுவதுதான் அவர்களுடைய இலக்கு. கைப்பிடியைத் தாழ்த்தியது காற்றை முகத்தில் வாங்காமல் இருக்க. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளியது, குனிந்த உடம்பைத் தாங்கவும் வளைவில் தரையில் உரசாமல் இருக்கவும். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டே 1964-இல் காண்டினென்டல் ஜிடி 250 என்று அப்படியொரு வண்டியைத் தொழிற்சாலையிலிருந்தே விற்றது. புல்லட்டோ 1955 முதல் சென்னையில், என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில், தயாராகி வந்த வண்டி. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். அதை 160-இல் ஓட்ட முடியாது. அதன் சுகமே அறுபது, எழுபதில் இருக்கிறது.

அதனால் வேலை தொடங்கும் முன்பே அவரிடம் ஒன்றைக் கேட்டோம். இந்த வண்டியை வாரம் ஒரு முறையாவது ஓட்டப் போகிறீர்களா, நிறுத்திப் பார்க்கப் போகிறீர்களா? ஓட்டத்தான் என்றார். வால்பாறை வரைக்கும் போய் வர வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பதில்தான் இதற்குப் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் காகிதம்

ஆர்சி அப்பாவின் பெயரில் இருந்தது. 15 ஆண்டு முடிந்து, அப்பா ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து வந்திருக்கிறார். 2021-இல் காலாவதி. இப்படிப்பட்ட வண்டியில் ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். இதை நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31, புதுப்பிக்க படிவம் 25. வாரிசுச் சான்று, அம்மாவின் ஒப்புதல் எல்லாம் சேர்த்துப் பெயர் மாறிய பிறகே வண்டியை மேடையில் ஏற்றினோம்.

சட்டத்தையும் உட்கார்ந்து படித்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆர்சியில் எஞ்சின் கொள்ளளவு இருக்கிறது, நிறம் இருக்கிறது, எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் இருக்கிறது. அப்படியானால் 500 சிசி சிலிண்டர் பேரல் போடுவது, ஒற்றை சீட் ஆக்குவது, நிறத்தை மாற்றுவது மூன்றும் அவர் கொண்டுவந்த படங்களில் இருந்தாலும் இந்த வண்டிக்கு ஆகாது.

பிரித்துப் பார்த்தபோது

சேசிஸை நூல் பிடித்துப் பார்த்தோம். நேராகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்க வளையத்தில், சீட் உட்காரும் இடத்துக்கு அருகே பழைய கேஸ் வெல்டு ஒன்று தெரிந்தது. எப்போதோ விரிசல் விட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெட்டி வெல்டு செய்வதாகச் சொன்ன இடம் இதை ஒட்டித்தான் வருகிறது. சூடு பட்டு ஏற்கெனவே தளர்ந்த பைப்பில் இன்னொரு வெல்டு வைத்து, அதன் மேல் ஆளை உட்கார வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து, பின்சக்கரம் பக்கவாட்டில் கையாலேயே ஆடியது.

எஞ்சினில் போர் மேல்பகுதியில் தேய்ந்திருந்தது, வால்வை நேராகப் பிடிக்கும் கைடு தளர்வு, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் மேலும் கீழுமாக ஆட்டம். முன் பிரேக் 6 இன்ச் ட்ரம். லைனிங் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மின்சாரம் 6 வோல்ட். ஹெட்லைட் மங்கலாக எரிந்தது, ஹாரன் முனகியது.

நல்ல நிலையில் இருந்தது டேங்க் மட்டும்தான். திருவொற்றியூர் தொழிற்சாலையில் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகள் மங்காமல் இருந்தன. உள்ளே துரு. அவருடைய பட்டியலில் முதலில் இருந்ததே டேங்கை மாற்றுவதுதான். அந்தக் கோடுகளைத் துடைத்துக் காட்டியபோது அவரே, "இது இருக்கட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டார்.

ஹெட்லைட் டூம் பற்றிய முடிவு

புல்லட்டைக் கஃபே ரேசர் ஆக்க நினைக்கும் பலரும் கழற்ற நினைக்கும் முதல் பொருள் ஹெட்லைட் டூம். ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், ஆம்பியர் மீட்டர், இரண்டு பைலட் விளக்குகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய வார்ப்பு. பார்த்தால் வெறும் மூடி போலத் தெரியும். ஆனால் முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் மேலே பிடித்து வைத்திருப்பதே அதுதான். அதை எடுத்தால் அந்த இடத்தில் குழாய்களைப் பிடிக்கப் புதிதாக ஒரு மேல் யோக் (குறுக்குத் துண்டு) வேண்டும்.

கோவையின் கணபதிப் பகுதியில் லேத்துக்குப் பஞ்சமில்லை. நல்ல ஆட்கள், படம் கொடுத்தால் அப்படியே கடைந்து தருவார்கள். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்துக்கு அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. என்ன உலோகம், உள்ளே காற்றுக் குமிழி உண்டா, குழாய்கள் இரண்டும் இணையாக நிற்கின்றனவா என்பதை எங்களிடம் இருக்கும் கருவிகளால் உறுதி செய்ய முடியாது. 80-இல் போகும்போது ஒரு பள்ளத்தில் அது விட்டுவிட்டால் ஓட்டுபவருக்கு ஒன்றும் செய்ய நேரம் இருக்காது. டூம் அப்படியே இருக்கும் என்று முடிவானது. அவருக்கு வருத்தம்தான். முன்பக்கம் படத்தில் இருப்பது போல் வராது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னோம்.

கை, இடுப்பு, கால்

கஃபே ரேசர் கட்டுவதில் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கைப்பிடி, சீட், ஃபுட்ரெஸ்ட் மூன்றையும் ஒன்றாக முடிவு செய்ய வேண்டும். பலர் முதலில் கைப்பிடி வாங்குகிறார்கள், அடுத்த மாதம் சீட், பணம் சேர்ந்ததும் ஃபுட்ரெஸ்ட். கைப்பிடி மட்டும் தாழ்ந்து கால் பழைய இடத்திலேயே முன்னால் இருந்தால், உடம்பின் பாரத்தைத் தொடை தாங்காது. மொத்தமும் மணிக்கட்டில் இறங்கும்.

அதனால் எதையும் வாங்கவில்லை. சேசிஸின் மேல் பலகையும் ஸ்பாஞ்சும் கட்டி சீட். பிவிசி பைப்பை ஃபோர்க்கில் கட்டி கைப்பிடி. பழைய இரும்புப் பட்டையில் துளைகள் போட்டு, நகர்த்தி நகர்த்திப் பார்க்கும்படி ஃபுட்ரெஸ்ட். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி அவரை உட்கார வைத்தோம். முதலில் அவர் கேட்டபடி, ஃபோர்க்கில் டூமுக்குக் கீழே. பார்க்க அருமையாக இருந்தது, புகைப்படமும் எடுத்துக்கொண்டார். கால் மணி நேரம் அப்படியே இருங்கள் என்றதும்தான் கழுத்தையும் மணிக்கட்டையும் பிசைய ஆரம்பித்தார். இன்னொன்றும் தெரிந்தது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் கட்டை விரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டியது. கடைத்தெருவில் யு-டர்ன் போடும் இடத்தில் இது ஆபத்து.

கடைசியில் டூமில் இருக்கும் பழைய கிளாம்பிலேயே பொருந்தும் தட்டையான, குட்டையான பார் ஒன்றுக்கு வந்தோம். கைப்பிடி சீட்டைவிடச் சற்றே உயரத்தில் நின்றது. உடம்பு முன்னால் சாயும், ஆனால் மடங்காது. ஃபுட்ரெஸ்ட் ஆறு இன்ச் பின்னால், மூன்று இன்ச் மேலே. இன்னும் பின்னால் தள்ளினால் தோற்றம் கூடும், முழங்கால் மடிப்பும் கூடும். அவருக்கு ஏற்கெனவே வலது முழங்காலில் கொஞ்சம் தொந்தரவு இருந்தது. இதைக் கஃபே ரேசர் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். 1960-களின் லண்டன் இளைஞனின் உடம்பை நாற்பது வயதுக் கோவைக்காரருக்குப் பொருத்துவதைவிட, அந்த வடிவத்தின் நோக்கத்தை இவருடைய உடம்புக்குப் பொருத்துவதுதான் நேர்மையான வேலை என்பது என் கருத்து.

வலது பக்கம் தனிச் சிக்கல். இந்த வண்டியில் கியரும் கிக்கரும் ஒரே பக்கம். ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனதும் கிக்கர் வரும் பாதையில் அது குறுக்கே நின்றது. வலது ஃபுட்ரெஸ்ட்டை மேலே மடங்கும்படி செய்தோம். மடக்கிவிட்டு உதைக்க வேண்டும், கிளம்பும்போது இறக்க வேண்டும்.

கியர் லிவரையும் பின்னால் கொண்டுவந்து ராடு வைத்து இணைக்க வேண்டியிருந்தது. இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ராடை மாட்ட கியர் ஷாஃப்டில் வைக்கும் இணைப்புக் கையும் புதிய லிவரில் வைக்கும் இணைப்புக் கையும் ஒரே திசையில், இரண்டும் மேல் நோக்கியோ இரண்டும் கீழ் நோக்கியோ நின்றால்தான் இந்த வரிசை மாறாது. ஒன்று மேலும் மற்றது கீழுமாக வைத்தால் தலைகீழாகிவிடும். அப்பா ஓட்டிய வண்டியில் இருபது ஆண்டு பழகிய காலுக்கு வரிசை மாறுவது நல்லதல்ல, அவசரத்தில் பழைய பழக்கம்தான் முந்திக்கொள்ளும். அதனால் இரண்டு இணைப்புக் கைகளையும் மேல் நோக்கி வைத்தோம். ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நியூட்ரல் ஃபைண்டரை மாற்றவில்லை. அதை மிதிக்கக் காலை முன்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இடது பக்கம் பிரேக் பெடலுக்கு, பழைய பெடலின் நெம்பு விகிதத்தை அளந்து அதே விகிதத்தில் புதியதைச் செய்தோம். பெடலைக் குட்டையாகச் செய்துவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்று லைனிங்கைக் குறை சொல்லும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டுமானம்

எஞ்சினில் புதுமை எதுவும் இல்லை. 20 ஓவர்சைஸ் (இன்ச்சில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிய) பிஸ்டன், புது வால்வு கைடுகள், பெரிய முனைக்கு அதே வகை மிதக்கும் புஷ், கிராங்கையும் நேர் பார்த்து வாங்கினோம். ஆயில் பம்ப் இரண்டையும் கழற்றி, உட்காரும் முகத்தைத் தேய்த்துச் சமன் செய்தோம். அந்தப் புஷ் உயிர் வாழ்வதே தடையில்லாமல் வரும் ஆயிலில்தான்.

செலவில் பெரும்பங்கு எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் போனது. முன் பிரேக்குக்கு, பிற்காலத்தில் வந்த மாடல்களின் 7 இன்ச் இரட்டை லீடிங் ஷூ ட்ரம்மை (இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றும் திசையில் இழுபட்டு இறுகப் பிடிக்கும்) அதற்கான ஃபோர்க் காலோடு சேர்த்து எடுத்துப் போட்டோம். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஆள் வைத்துத் தேடிக் கிடைத்தது. ரிம் அளவு அதே 19 இன்ச், டயர் அதே 3.25. ஸ்போக்குகள் மட்டும் புதிது.

மின்சாரத்தை 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். ஸ்டேட்டர், ரெக்டிஃபையர், இக்னிஷன் காயில், பல்புகள், ஹாரன் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில். வயரிங்கும் முழுதாகப் புதிது. பாதி பழசு பாதி புதுசு வயரிங் இருட்டில்தான் பழி வாங்கும்.

சீட்டின் தகடு, சேசிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே போல்ட் ஆகும்படி அடித்தது. இரண்டு பேருக்கான நீளம். பின்பாதியின் மேல் ஃபைபர் திமில் ஒன்று, நான்கு ஸ்க்ரூவில் கழன்று வரும். கழற்றினால் கீழே பின்னால் உட்காருபவருக்கான ஸ்பாஞ்ச் தயாராக இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும், துணி மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பும் வேண்டும் என்கிறது. சேலைக் கம்பியைக் கழற்றினால் வண்டி மெலிந்து தெரியும் என்பது உண்மை. ஆனால் அம்மா உட்காரப் போகும் வண்டி அது. கம்பியை ஒட்டி வளைத்துக் கருப்படித்து வைத்தோம்.

பெயின்டுக்குப் போகும் முன் சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தனியாக டேப் ஒட்டி மறைத்தோம். ஆர்டிஓ-வில் அந்த நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். மணல் அடித்து, மேலே தடிமனாக பவுடர் கோட்டிங்கும் ஏறிவிட்டால் எழுத்து எழும்பாது. நிறம் அதே கருப்பு.

ஓட்டிப் பார்த்தது

முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டச் சொன்னோம். அதிலேயே ஒரு குறை தெரிந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கியர் எதிலும் விழாமல் அடிக்கடி பொய் நியூட்ரலில் நின்றது. பழைய புல்லட்டில் இது புதிதில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் பிரிப்பதற்கு முன் இந்த அளவுக்கு இல்லை என்று அவர் சொன்னார், அதனால் பார்த்தோம். கியர் பெட்டியில் ஒன்றும் இல்லை. ஃபுட்ரெஸ்ட் பிடித்திருந்த 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, காலை அழுத்தும்போது லேசாக வளைந்தது. லிவரின் நகர்வில் ஒரு பகுதி அந்த வளைவிலேயே போய்விட்டது. 8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்கு மாறியதும் கியர் பழையபடி விழுந்தது.

சைலன்சரும் ஆய்வும்

சைலன்சர் விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பின்முனை கூம்பாகக் குறுகும் மெகாஃபோன் ஒன்றை அவரே வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொன்னோம். அதற்குத் தகுந்த மாதிரி கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டையும் பெரிதாகப் போட வேண்டியிருந்தது. வண்டியை முடித்த வடிவத்திலேயே புதுப்பித்தல் ஆய்வுக்குக் கொண்டு போனோம், எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஆய்வாளர் சீட்டைத் திமில் கழற்றிப் பார்த்தார். சேலைக் கம்பி, பின் ஃபுட்ரெஸ்ட், கண்ணாடிகள், இண்டிகேட்டர், ஹாரன் பார்த்தார். சேசிஸ் நம்பரை எடுத்தார். கிக் அடித்துக் காட்டச் சொன்னதும் சத்தத்தைக் கேட்டு நிறுத்தச் சொல்லிவிட்டார். அசல் சைலன்சர் போட்டு வந்தால் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்.

பழைய சைலன்சர் பட்டறையில் பத்திரமாக இருந்தது. அதை மாட்டியதும் பெரிய ஜெட்டால் பெட்ரோல் மிஞ்சி பிளக் கரியானது. பழைய ஜெட்டுக்கு மாறி, கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கிச் சரி செய்தோம். இரண்டாவது முறை ஆய்வில் தேறியது. அப்போதைய 1,000 ரூபாய் புதுப்பித்தல் கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்து ஆண்டுக்கு ஆர்சி வந்தது. மெகாஃபோனை அவர் விற்றுவிட்டார்.

பிறகு நடந்தது

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறை போய் வந்தார். இறங்கும்போது முன் பிரேக் நம்பும்படி இருந்தது என்றார். வளைவில் ஃபுட்ரெஸ்ட் எங்கும் உரசவில்லை. இடது உள்ளங்கை கொஞ்சம் மரத்துப் போனது. பார் முனைகளில் கனமான எடைகள் வைத்த பிறகு குறைந்தது, முழுதாகப் போகவில்லை. 350 சிங்கிள் சிலிண்டரின் அதிர்வு தட்டையான பாரில் நேராகக் கைக்கு வரும். 75-க்கு மேல் நீண்ட நேரம் ஓட்டுவதை அவரே தவிர்க்கிறார்.

அவருடைய அம்மா பின்னால் உட்கார்ந்து மருதமலை வரை ஒரு முறை போயிருக்கிறார். சீட் பழையதைவிடக் கடினம் என்றாராம். அது உண்மைதான், ஸ்பாஞ்ச் மெல்லியது.

கழற்றிய பழைய ஹேண்டில்பார், சீட், ஃபுட்ரெஸ்ட் ராடு, கியர் லிவர், 6 இன்ச் ட்ரம் எல்லாம் பெயர் எழுதி ஒரு பெட்டியில் கொடுத்துவிட்டோம். இரண்டு நாளில் வண்டியை அப்பா ஓட்டிய வடிவத்துக்குத் திருப்பலாம். சேசிஸில் புதிதாக ஒரு துளைகூட இல்லை.

இனி மாற்றுவது

சைலன்சரை முதல் நாளிலேயே முடிவு செய்து எழுதி வைப்போம். கார்புரேட்டர் அமைப்பு அதைப் பொறுத்தது. கடைசியில் மாறினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டி வருகிறது. ஃபுட்ரெஸ்ட் தாங்கும் தகட்டுக்கு முதலிலேயே 8 மில்லிமீட்டர் இரும்பு. பின்சீட்டுக்கு இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச், கீழே கடினமானதும் மேலே மெத்தென்றதும். பலகையில் உட்கார வைத்துப் பார்க்கும்போது கால் மணி நேரம் போதவில்லை என்றும் தோன்றுகிறது. மரத்துப் போவது அரை மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதுவும் எஞ்சின் ஓடும்போது. அடுத்த வண்டிக்கு, ஃபுட்ரெஸ்ட்டும் பாரும் தற்காலிகமாகப் போல்ட் ஆன நிலையில், பெயின்டுக்கு முன்பே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இடத்தை உறுதி செய்வோம்.

கியர் ராடின் இரு முனையிலும் இருக்கும் பால் ஜாயிண்டுகள் மட்டும் கவனிக்க வேண்டியவை. மழை நீரும் மண்ணும் நேராக அதில்தான் அடிக்கின்றன. கிரீஸ் வைத்து ரப்பர் உறை போட்டிருக்கிறோம். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆட்டம் பார்க்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறோம்.